கெட்ட செய்தி நடக்கும் வழி

அவர் வருகிற நாட்களில் எனக்குக் காலையிலேயே பயம் பிடித்துவிடும். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருத்தி, ஆண்களை வைத்து ஒரு ஐஸ் தொழிற்சாலை நடத்துகிறவள், பயிற்சி கொடுக்க வந்த ஒரு பெண்ணுக்குப் பயந்தாள் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. அவர் உரத்துக் கதைத்து நான் கேட்டதில்லை. யாரையும் குறை சொன்னதும் இல்லை. திட்டுகிற ஆளென்றால் திட்டிவிட்டுப் போவார், நாங்களும் அவர் போனபின் நாலு கதை சொல்லி ஆறிவிடலாம். இவர் கேள்வி மட்டும்தான் கேட்பார், அதுவும் எப்போதும் ஒரே கேள்வி.

"இதை நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

பதில் சொன்னால் அடுத்தது வரும். "அவர் பிறகு ஆருக்குச் சொன்னவர்?" அதற்குப் பிறகும் வரும். எங்கே பதில் நிற்கிறதோ அந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு பால் விடாத பிளேன்ரீயை எடுத்து ஒரு மிடறு குடிப்பார். அது எப்போதோ ஆறியிருக்கும்.

எங்களுடையது யாழ்ப்பாணத்தில், காங்கேசன்துறைக்குக் கிழக்கே, கடலைப் பார்த்தபடி இருக்கிற ஒரு சிறிய ஐஸ் தொழிற்சாலை. கடற்றொழிலாளர் சங்கத்துக்குச் சொந்தமானது. படகுகள் கடலுக்குப் போகுமுன் இங்கேதான் ஐஸ் ஏற்றும். போரில் இடிந்த சுவர்களைத் திருத்த வெளியிலிருந்து ஓர் உதவி கிடைத்தது. அந்த உதவியோடு ஒரு நிபந்தனையும் வந்தது: நிர்வாகத்துக்கும் ஊழியருக்கும் தலைமைத்துவப் பயிற்சி. "உவை வந்து எங்களுக்குத் தலைமை படிப்பிக்கப் போகினமாம். ஒருநாள் கடலிலை நிண்டு பாத்தவையோ?" என்று சங்கத் தலைவர் சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். வெள்ளைப் பலகை, கலர் பேனை, மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல், கடைசியில் குழுவாக நின்று ஒரு படம். அதுதான் வரப்போகிறது என்று நினைத்தேன்.

வந்தவர் என்னைவிடச் சில வயது இளையவர். யாழ்ப்பாண நகருக்குப் பக்கத்துத் திருநெல்வேலியில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தனியாக வாடகைக்கு இருந்தார். இரண்டு பஸ் மாறி, மிச்சத் தூரத்தைக் குடையோடு நடந்து வருவார். தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் தண்ணீர்ப் போத்தல், ஒரு பை பருத்தித்துறை வடை, ஒரு சுருள் நைலோன் கயிறு. கயிற்றைப் பார்த்த காவலாளி, "மிஸ் மாடு பிடிக்கப் போறாவோ?" என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் எல்லோருக்கும் அவர் மிஸ்தான். எனக்கும்.

எந்த அறைக்குள் வந்தாலும் முதலில் கதவைப் பார்ப்பார். அது உள்ளே திறக்கிறதா, வெளியே திறக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஆட்களைப் பார்ப்பார். காட்டிய கதிரையில் இருக்க மாட்டார். கதவுக்குப் பக்கத்தில், வெளியே போக வழி தெரிகிற இடத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "பயம்தான் அக்கா" என்றார். போரில் இடம்பெயர்ந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பல குடும்பங்களோடு தங்கியிருந்தாராம். அங்கே குண்டு விழும், இருக்க வேண்டாம் என்பது பெரியவர்கள் எல்லோருக்கும் முதல்நாளே தெரிந்திருந்ததாம். மற்றவர்கள் பயப்படுவார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லவில்லையாம். "எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் சொல்லேல்லை" என்றார்.

முதல்நாள் என் அலுவலகத்துக்குள் வந்து, கதவைப் பார்த்து, பிறகு என்னைப் பார்த்து, அதற்கும் பிறகு நான் இருந்த கதிரையைப் பார்த்தார்.

"இந்தக் கதிரையிலை முதல் ஆர் இருந்தவர்?"

பக்கத்தில் நின்ற செல்வம் சட்டென்று தலை குனிந்துகொண்டான். செல்வம் எங்கள் மேற்பார்வையாளன், என் கணவரின் சித்தப்பா மகன். நான் சொன்னேன். அது என் கணவர் இருந்த கதிரை. எனக்கு முன் இந்தத் தொழிற்சாலையை நடத்தியவர் அவர். ஒருநாள் காற்றும் மழையுமாக இருந்த நேரம், ஒரு படகு திரும்பவில்லை, அதில் போனவர்கள் போய்விட்டார்கள் என்று அப்போதிருந்த கிளார்க் ஓடிவந்து சொன்னார். என் கணவர் நெஞ்சில் கைவைத்தார், அப்படியே மேசையில் சரிந்தார், பிறகு எழும்பவில்லை. மறுநாள் அந்தப் படகு கரைக்கு வந்துவிட்டது. போன எல்லோரும் உயிரோடு வந்து அவருடைய செத்தவீட்டில் நின்று அழுதார்கள். இதை நான் யாருக்குச் சொன்னாலும் "ஐயோ" என்பார்கள், கையைப் பிடிப்பார்கள். மிஸ் அப்படி ஒன்றும் செய்யவில்லை.

"அதுக்குப் பிறகு இந்த அறைக்குள்ளை கெட்ட செய்தி வந்ததோ?" என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தேன். கரண்ட் பில், தொட்டியில் ஒரு சின்ன ஓட்டை, விடுமுறை எடுத்தவர்களின் கதை, இவ்வளவுதான் வந்திருக்கிறது. எங்கள் தொழிற்சாலையில் பெரிதாக ஒன்றும் பிழைப்பதில்லை என்று எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போகிற வழியில் அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாகப் பயமாக மாறியது. கடலோடும் கரண்டோடும் ஐஸ் உறைய வைக்கிற அமோனியா காஸோடும் வேலை செய்கிற இடம். அங்கே இத்தனை வருடம் ஒன்றுமே நடக்காமல் இருக்குமா?

அவரைப் பற்றி வெளியில் விசாரித்தேன். என் மச்சாள் ஒருத்தி உரும்பிராயில் இருக்கிறாள். அங்கே விவசாயம் செய்கிறவர்களின் ஒரு கமக்காரர் சங்கத்துக்கும் அவர் போயிருந்தார். அவர்கள் களஞ்சியத்தில் விதை வெங்காயம் ஒவ்வொரு வருடமும் அழுகிக்கொண்டிருந்தது. களஞ்சியப் பொறுப்பாளரைக் கள்ளன் என்று மாற்றினார்கள். அடுத்து வந்தவரைச் சோம்பேறி என்று மாற்றினார்கள். வெங்காயம் மட்டும் மாறாமல் அழுகியது. "ஆளை மாத்தி மாத்திப் பாத்திட்டியள்தானே. ஆளுக்கும் ஆளுக்கும் நடுவிலை என்ன கிடக்கெண்டு ஒருக்காப் பாப்பம்" என்று சொல்லி, களஞ்சிய வாசலில் சும்மா இருந்தாராம். கடைசியில் தெரிந்தது இதுதான். உங்கள் வெங்காயம் ஈரமாக இருக்கிறது என்று பெரிய தோட்டக்காரரிடம் சொல்ல எந்தப் பொறுப்பாளருக்கும் வாய் வரவில்லை. எல்லாரும் சொந்தக்காரர். ஈர வெங்காயத்தைக் காய்ந்த வெங்காயத்தோடு வாங்கி வைத்துவிட்டு, வருகிற பழியை ஏற்றுக்கொண்டு போயிருக்கிறார்கள். "அவ ஒருத்தரையும் ஏசேல்லையடி. ஆனால் அண்டைக்குச் சங்கத்திலை ஒருத்தரும் சாப்பிடேல்லை" என்றாள் மச்சாள்.

இதைக் கேட்டபின் எனக்குப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை.

ஒருநாள் அந்தக் கயிறு பையிலிருந்து வெளியே வந்தது. எல்லோரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். ஒவ்வொருவரையும் அவரவர் வேலை செய்கிற பக்கமாக நிற்கச் சொன்னார். மெசின் ஓட்டுகிற துரைசிங்கம் அண்ணை மெசின் அறைப் பக்கம், ஐஸ் வெட்டுகிறவர்கள் தொட்டிப் பக்கம், காவலாளி படலையில், நான் அலுவலக வாசலில், செல்வம் நடுவில். கயிற்றின் நுனியைத் துரைசிங்கம் அண்ணையிடம் கொடுத்தார்.

"அண்ணை, உங்கடை இடத்திலை ஏதோ பிழைச்சுப்போச்சு. முதல் ஆரிட்டைப் போவியள்? அவரிட்டைக் கயிற்றைக் குடுங்கோ."

அவர் செல்வத்திடம் கொடுத்தார். மிஸ் கயிற்றை வாங்கி அடுத்த ஆளிடம் கொடுத்தார். அவரும் செல்வத்திடம் கொடுத்தார். அடுத்தவரும் அப்படியே. செல்வத்தின் கை, தோள், இடுப்பு என்று கயிறு சுற்றிக்கொண்டே போனது. முதலில் எல்லோரும் சிரித்தார்கள். "செல்வத்தைக் கட்டி ஏத்துங்கோடா" என்று யாரோ கத்தினார்கள். கயிறு முடிந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. நான் வெறுங்கையோடு வாசலில் நின்றேன். ஒரு நூல்கூட என்னிடம் வரவில்லை. என்னுடைய தொழிற்சாலை எனக்கு முன்னால் நிற்கிறது, நான் அதற்கு வெளியே நிற்கிறேன்.

மிஸ் என்னைப் பார்க்கவில்லை. செல்வத்திடம் போனார்.

"பாரமாக்கிடக்கோ தம்பி?"

"பழகிப்போச்சு மிஸ்" என்றான் அவன்.

அவ்வளவுதான் அன்றைய பயிற்சி. கயிற்றைச் சுருட்டிப் பையில் வைத்துவிட்டு, எல்லோருக்கும் வடை கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டார். இனி என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல மாட்டார். நான் ஒருமுறை கெஞ்சியே கேட்டேன். "நான் ஆக்களைத் திருத்த வரேல்லை அக்கா. உங்களுக்கு நடுவிலை என்ன ஓடுது, என்ன ஓடாமல் நிக்குது எண்டு காட்டத்தான் வந்தனான். மிச்சத்தை நீங்கள்தான் செய்யவேணும்" என்றார். சம்பளம் வாங்கிக்கொண்டு இது என்ன வேலை என்று அன்று மனதுக்குள் நன்றாகத் திட்டினேன்.

வாடைக்காற்று துவங்கிய நேரம் அது. கரையோரத்து வயர்களைத் திருத்துவதற்காக அன்று காலையிலிருந்து எங்கள் பக்கம் கரண்ட் இல்லை. பின்னேரம் நாலு மணிக்கு வரும் என்று அறிவித்திருந்தார்கள். மெசின் நின்றிருந்தது. மிஸ் வழக்கம்போல வந்து, மெசின் அறையில் துரைசிங்கம் அண்ணையோடு நெடுநேரம் இருந்தார். பிறகு என் அறைக்கு வந்து கதவுப்பக்கம் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒரு விசயம் தெரியும். உங்களுக்குத் தெரியாது. நான் இப்ப அதைச் சொல்லமாட்டன்."

"என்ன விளையாட்டு இது?" என்றேன்.

"விளையாட்டில்லை. உங்கடை ஆக்கள் வந்து சொல்லவேணும். கரண்ட் வாறதுக்கு முதல் ஒருத்தரும் வரேல்லை எண்டால் நானே சொல்லிப்போட்டுப் போவன். பிறகு இஞ்சை வரமாட்டன். அதுவரைக்கும் மெசின் ஓடாது. மெயின் சுவிச்சைப் பூட்டியாச்சு, திறப்பு துரைசிங்கம் அண்ணையின்ரை சட்டைப் பையிலை கிடக்கு."

மெசின் என்ற சொல்லோடு எனக்கு அமோனியாதான் ஞாபகத்துக்கு வந்தது. நான் எழும்பினேன். நேரே மெசின் அறைக்குப் போய்த் துரைசிங்கம் அண்ணையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். "நீங்கள் போய்க் கேட்டால் சொல்லுவினம். கேக்காமல் சொல்லுவினமோ எண்டதுதான் கேள்வி" என்றார் மிஸ். நான் திரும்பி அந்தக் கதிரையில் இருந்தேன்.

அந்தப் பகல் எனக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை. தொழிற்சாலையின் பின்மதிலுக்கு அப்பால் வீடுகள். நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகள் மணலில் பந்தடிப்பார்கள். வாடைக்காற்று கடலில் இருந்து எழும்பி எங்கள் மெசின் அறையைத் தாண்டி நேரே அந்தப் பக்கம்தான் போகும். அதை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டே இருந்தேன். கிளார்க் பிள்ளை தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"என்ன பிள்ளை, ஏதும் விசயமோ?"

"ஒண்டுமில்லை அக்கா."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு செல்வம் வந்தான், வாசலிலேயே நின்றான்.

"அண்ணி, கரண்ட் வந்த உடனை மெசினைத் துவங்கலாம். படகுக்காரர் ஐஸ் கேட்டுக்கொண்டு நிக்கினம். எல்லாம் ஓகே."

"எல்லாம் ஓகேயோ தம்பி?"

"ஓம் அண்ணி. ஒண்டுமில்லை."

அவன் போனபின் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமும் எனக்கு ஆறுதலாக இருந்த சொல் அது. ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. அதைக் கேட்டுத்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறேன். அன்று அந்தச் சொல்லை என்னால் நம்ப முடியவில்லை. கதவைத் திறந்து, எல்லோரையும் கூப்பிட்டு, சொல்லுங்கோடா என்று கத்த வேண்டும் போல இருந்தது.

நாலு மணிக்குக் கொஞ்சம் இருக்கும்போது வெளியே சத்தம் கேட்டது. "வேண்டாம் அண்ணை, நான் பாக்கிறன், நான் பாக்கிறனெண்டு சொல்லுறன்" என்று செல்வம் கெஞ்சுகிற குரல். வாசலில் துரைசிங்கம் அண்ணை வந்து நின்றார். கையில் ஈரம் சொட்டுகிற ஒரு சாக்குத் துண்டு. அறைக்குள் அமோனியா மணம் குப்பென்று வந்தது. செல்வம் பின்னால் நின்று அவர் தோளைப் பிடித்திருந்தான்.

"பிள்ளை, மெசினிலை காஸ் கசியுது" என்றார் துரைசிங்கம் அண்ணை. "இண்டைக்கு நேற்றைக்கில்லை, மாசக்கணக்கா. ஈரச்சாக்குச் சுத்திச் சுத்தி ஓட்டுறம். இப்ப கூடிப்போச்சு. எனக்குப் பயமாக்கிடக்கு. நான் இண்டைக்குத் துவங்கமாட்டன்."

அறையில் இருந்த எல்லோரும் என் நெஞ்சைப் பார்த்தார்கள். என் முகத்தை அல்ல, நெஞ்சைத்தான். செல்வம் அழத் தொடங்கிவிட்டான்.

"அண்ணையை ஒரு செய்தியாலை துலைச்சனாங்கள். உங்களையும் துலைக்கேலாது அண்ணி. மெசினுக்கு மாத்துற பாட் கொழும்பிலையிருந்து வரவேணும் எண்டு மெக்கானிக் சொன்னவர். வந்தாப்பிறகு சொல்லுவம் எண்டு இருந்தனான். ஆனி, ஆடியிலை காத்து கடலுக்குத்தானே போனது. இப்பதான் ஊர்ப்பக்கம் திரும்பினது."

எனக்கு நெஞ்சு அடித்தது. பயத்தில் எனக்கு முன்னால் இருந்த எல்லாம் ஒருதரம் மங்கியது. ஆனால் நான் சாகவில்லை. அந்தக் கதிரையில், அவர் சரிந்த அதே மேசைக்கு முன்னால், கெட்ட செய்தியைக் கேட்டுவிட்டு உயிரோடு இருந்தேன். "திறப்பைத் தாங்கோ அண்ணை" என்று கையை நீட்டினேன். "தம்பி, நீர் போய்ப் படகுக்காரருக்குச் சொல்லும், இண்டைக்கு ஐஸ் இல்லையெண்டு. ஏன் எண்டும் சொல்லும்." திரும்பிப் பார்த்தபோது கதவுப்பக்கக் கதிரை வெறுமையாக இருந்தது. மிஸ் வெளியே போய்ப் படலையடியில் காவலாளியோடு நின்றார்.

படகுக்காரர் கத்தினார்கள். சங்கத் தலைவர் வந்து குதித்தார். பல நாள் மெசின் ஓடவில்லை. கொழும்பிலிருந்து உதிரிப்பாகம் வந்து மெக்கானிக் மெசினைக் கழற்றியபோது உள்ளே நீளமாக ஒரு வெடிப்பு இருந்தது. அவர் அதை எனக்குக் காட்டி, "இதோடை இன்னும் ஓட்டியிருந்தால்..." என்று நிறுத்திவிட்டு, "சரி விடுங்கோ அக்கா, இப்ப ஒண்டுமில்லைத்தானே" என்றார்.

"இல்லை, முடியுங்கோ" என்றேன். "என்ன நடந்திருக்கும்?"

அவர் செல்வத்தைப் பார்த்தார். செல்வம், சொல்லுங்கோ என்று தலையை ஆட்டினான். "வெடிச்சிருக்கும். துரைசிங்கம் அண்ணை முதல். பிறகு மதிலுக்கு அங்காலை விளையாடுற பிள்ளையள்" என்றார் மெக்கானிக். பின்மதிலுக்கு அப்பால் அப்போதும் பந்துச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தமுறை மிஸ் வந்தபோது நான் அவரை விடவில்லை. "தெரிஞ்சும் ஒரு பகல் முழுக்க என்னை வதைச்சுப்போட்டியளே" என்றேன். உண்மையில் எனக்கு அவ்வளவு கோபம்.

"நான் சொல்லியிருந்தால் அண்டைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். நான் வராத நாளிலை ஆர் சொல்லுறது? கெட்ட செய்தியைக் கொண்டுவாற ஆளா நான் வந்திட்டன் எண்டால், நான் போக அதுவும் என்னோடை போயிடும்." பிறகு சொன்னார், "நான் மட்டும் பயப்படேல்லை எண்டு நினைச்சியளோ? கடிகாரத்தைப் பாக்கப் பாக்க எனக்கு அந்தப் பள்ளிக்கூடம்தான் ஞாபகம் வந்தது. அதாலைதான் வெளியிலை போய் நிண்டனான்."

உதவித் திட்டம் முடிந்ததும் அவர் வருவது நின்றது. எங்களிடம் ஒரு பழக்கம் மட்டும் மிஞ்சியது. காலையில் வேலை துவங்குமுன் எல்லோரும் முற்றத்தில் நிற்போம். "கெட்ட செய்தி என்ன?" என்று நான் கேட்பேன். முதலில் கூச்சப்பட்டார்கள். இப்போது போட்டி போட்டுக்கொண்டு சொல்கிறார்கள். ஒரு செய்தியும் இல்லையென்றால் அன்று முழுக்க நான் மெசின் அறையைச் சுற்றிக்கொண்டே திரிவேன்.

போன மாதம் அவருக்குச் சும்மா ஒரு போன் எடுத்தேன். நெடுநாள் கதைக்கவில்லை. ஊர்க் கதைகள் கதைத்தோம், கயிற்றுக் கதையைச் சொல்லிச் சிரித்தோம். குரல் கொஞ்சம் களைத்திருந்தது.

"உங்கடை பாடு எப்பிடி மிஸ்?"

"எனக்கென்ன அக்கா, ஒண்டுமில்லை. நல்லாயிருக்கிறன்."

எத்தனை வருடமாகக் கேட்ட சொல். அதன் கனம் எனக்குத் தெரியும். விட்டுவிடலாம், வேறு கதைக்குப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். என் வாய் தானாகவே கேட்டது.

"இதை நீங்கள் ஆருக்குச் சொன்னனீங்கள்?"

அவர் வீட்டுக்கு முன்னால், பலாலி வீதியில் போகிற பஸ்ஸின் ஹோர்ன் போனில் கேட்டது.

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை அக்கா."

"அப்ப எனக்குச் சொல்லுங்கோ."

சொன்னார். மார்பில் ஒரு கட்டி. பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம், நல்லதாக இல்லையாம். திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும். யாரையும் பயப்படுத்த வேண்டாம் என்று தனியாகப் போக இருந்தாராம். எல்லோருடைய கெட்ட செய்தியும் யாரிடம் போகிறது என்று தேடித் திரிந்த மனிசி, தன்னுடையதை அந்த மேல்மாடி அறைக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். திங்கட்கிழமை நானும் வாறன் என்று மட்டும் சொன்னேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை.

அப்போது செல்வம் ஏதோ அலுவலாக வந்து, என் முகத்தைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன அண்ணி?"

ஒண்டுமில்லை என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "செல்வம் நிக்கிறார், சொல்லட்டோ?" என்று போனில் கேட்டேன்.

அவர் மெல்லச் சிரித்தது கேட்டது. "சொல்லுங்கோ. பாரம் அவருக்குத்தானே பழக்கம்."

"இரும் தம்பி" என்றேன். "ஒரு கெட்ட செய்தி."

அவன் கதவுப்பக்கக் கதிரையை என் மேசைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு இருந்தான்.